மலைநாட்டுக் குளிரில் ஒரு போத்தல் முருகைப்பாறை: தொடங்குபவர்களுக்கான செய்முறை

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், எங்கள் வீட்டு முன்னறை மேசையில், பெட்டிக்கடைகளில் டொபி போட்டு வைக்கும் வகைக் கண்ணாடிப் போத்தலொன்றினுள் சிறு முருகைப்பாறையொன்றை (பவளப்பாறையை) இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அதில் 4 லீற்றர் கடல்நீரும், உள்ளங்கையளவு பாறையும், ஏழெட்டு வகை உயிர்களும் இருக்கின்றன. இந்த வேலையைப் பற்றி எழுதுபவர்களில் அநேகர் வெப்பநாட்டிலோ, குளிர்காலத்திலும் அறையைச் சூடாக வைத்திருக்கும் வீடுகளிலோ இருப்பவர்கள். தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் அவர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். தை மாத விடியலில் அறைக்குள்ளேயே 12 பாகை செல்சியஸ் காட்டும் நமக்கு அது உதவாது. நமது பிரச்சினைகள் எல்லாம் குளிரிலிருந்து தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று என்னை இரண்டு மாதம் அலைக்கழித்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில், சுண்ணாம்புக் கூடு கட்டி வளரும் கல்முருகைகள் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவிலோ ஹிக்கடுவையிலோ ஒரு சிறு கிளையை முறித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவது குற்றம். இறந்து வெளுத்த துண்டாக இருந்தாலும் எடுக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது நம் கரையோர முருகைகள் பெருமளவில் வெளுத்து மடிந்தன; எஞ்சியதையும் நாம் பிடுங்க வேண்டியதில்லை. என் போத்தலில் கல்முருகை எதுவும் கிடையாது. சோவாந்தஸ் எனப்படும் பொத்தான் வடிவச் சிறு உயிர்களும் காளான் முருகைகளுமே இருக்கின்றன. இரண்டும் சுண்ணாம்புக் கூடு கட்டாதவை, தொட்டியிலேயே பெருகுபவை. ஏற்கெனவே வளர்த்து வரும் ஒருவர் தன் தொட்டியில் பெருகியதைப் பிரித்துத் தருவதையே வாங்குங்கள்; கடையில் வாங்குவதானால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பதிலில் தயக்கம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதற்படி: போத்தலும் சாமான்களும்

போத்தல் 4 லீற்றருக்குக் குறையக் கூடாது. கை உள்ளே போகும் அளவுக்கு வாய் அகன்றிருக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், கீறல் விழும். மூடியாக ஒரு கண்ணாடித் தட்டு போதும். அதன் ஓரத்தில் வயரும் குழாயும் நுழைய இடைவெளி விடுங்கள்.

ஹீற்றர் 25 வாற்று உள்ளதாக இருக்கட்டும். 'குளிர்தானே, 100 வாற்று போடுவோம்' என்று நினைப்பது ஆபத்து. ஹீற்றர்கள் பழுதாகும்போது பல வேளைகளில் அணையாமலே நின்றுவிடுகின்றன. 100 வாற்று 4 லீற்றரை ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிடும், 25 வாற்று என்றால் நாம் கவனிப்பதற்கு நேரம் கொடுக்கும். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத மலிவான சிறு ஹீற்றர்களை நான் நம்புவதில்லை. காசு இருந்தால் தனியான வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்றை வாங்கி 25 பாகையில் வையுங்கள். இந்தப் பட்டியலில் விலைக்கு ஏற்ற பயன் தரும் பொருள் அதுதான்.

நீரோட்டத்துக்கு ஒரு சிறு காற்றுப் பம்பியும் கடினமான பிளாஸ்டிக் குழாயும் போதும். குழாய் நுனியில் மாட்டும் நுரைக்கல் போடாதீர்கள்; நுண்ணிய குமிழிகள் உப்புத் துளிகளை எல்லாப் பக்கமும் தெறிக்கவைக்கும். பெரிய குமிழி, நொடிக்கு இரண்டு மூன்று, போதுமானது. நம் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். ஆகவே சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் பம்பியை நிறுத்த வேண்டாம்.

வெளிச்சத்துக்கு வெள்ளை எல்.ஈ.டி. விளக்கொன்றை நாளுக்கு 8 மணி நேரம் எரியவிடுங்கள். நம் ஊர் யன்னலோரத்தை நம்பினால் ஒரு நாள் சுள்ளென்ற வெயில், அடுத்த நான்கு நாள் பனிமூட்டம் என்று பாசிக்கு மட்டுமே வசதி செய்துகொடுப்பீர்கள்.

இரண்டாம் படி: எந்தத் தண்ணீர்?

'எங்கள் பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) கண்ணாடி போல இருக்கிறது, அதை ஏன் பாவிக்கக் கூடாது?' என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்ததால் இந்தப் பகுதியைப் பின்னர் சேர்த்தேன். குடிப்பதற்கு நல்ல தண்ணீரும் இந்த உயிர்களைக் கொல்லக்கூடும். 1946இல் இங்கு பரவிய, தேயிலை இலைகளைத் தாக்கும் கொப்புள நோயைக் கட்டுப்படுத்தத் தேயிலை மலைகளில் செப்புக் கலந்த பூஞ்சணக் கொல்லிகளைத் தெளிக்கும் வழக்கம் வந்தது. செப்பு மிகச் சிறிய அளவிலேயே முருகைகளையும் நத்தைகளையும் கொல்லும் நஞ்சு. தேயிலைக்குக் கீழே ஊறி வரும் தண்ணீரில் உரத்தின் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கலாம். தகரக் கூரையில் வழிந்த மழைநீரும் ஆகாது. அந்தத் தகரத்தின் பூச்சு துத்தநாகம், அதுவும் நஞ்சுதான். கரைந்த பொருட்களை அளக்கும் பேனா வடிவக் கருவியால் அளந்தால் நம் பீலித் தண்ணீர் மிகச் சிறிய எண்ணையே காட்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் செப்பு இருக்கிறதா என்பதை அக்கருவி சொல்லாது. சவ்வூடு வடித்த (ஆர்.ஓ.) தண்ணீரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ வாங்குங்கள். வாரத்துக்கு 5 லீற்றர்தான் தேவை. செப்புக்குடத்திலும் பித்தளைப் பாத்திரத்திலும் அதை ஊற்றி வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: உப்புக் கலத்தல்

இந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன். ஆகவே கொஞ்சம் நின்று விளக்குகிறேன்.

சமையல் உப்பு உதவாது. கல்சியம், மக்னீசியம் முதலியவை சேர்ந்த கடல்மீன் தொட்டி உப்பு வேண்டும். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 36 கிராம் என்று தராசில் நிறுத்து, தண்ணீருக்குள் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து பால் போல் கலங்கிவிடும். இலக்கு, ஆயிரத்தில் 35 பங்கு உவர்த்தன்மை. தண்ணீரில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் நீர்மானியில் அது 1.026.

நான் ஒவ்வொரு ஞாயிறும் காலையில் எழுந்து, இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த தண்ணீரில் உப்பைக் கலந்து, நீர்மானியை மிதக்கவிட்டு, 1.026 வரும்வரை கூட்டிக் குறைத்து, பிறகே அதைச் சூடாக்கிப் போத்தலுக்குள் ஊற்றி வந்தேன். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் சோவாந்தஸ் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சுருங்கிவிடும். புதன், வியாழன் அளவில்தான் மீண்டும் விரியும். வெளிச்சத்தைக் குறைத்தேன், உணவை நிறுத்தினேன், உப்பை மாற்றினேன். ஒரு நாள் வேறு வேலையில் இருந்துவிட்டு, சூடாக்கி வைத்த தண்ணீரைத் தற்செயலாக மறுபடி அளந்தபோது நீர்மானி 1.023 காட்டியது. உப்பும் தண்ணீரும் ஒன்றுதான், மாறியது வெப்பம் மட்டும்.

காரணம் எளியது. தண்ணீர் குளிரும்போது சுருங்கி அடர்த்தி கூடுகிறது. நீர்மானி அளப்பது அடர்த்தியைத்தான், உப்பை அன்று. 25 பாகைக்கென்று குறியிட்ட நீர்மானியை 15 பாகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு 1.026 என்று வாசித்தால், உண்மையான உவர்த்தன்மை 31 அளவில்தான் இருக்கும். நான் கொப்பியில் எழுதி வைத்த 36 கிராம் கணக்கைவிட நீர்மானியை அதிகம் நம்பி உப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். கடற்கரையில் இருப்பவருக்குக் காலையிலும் தண்ணீர் 27 பாகை. அவருக்கு இந்தப் பிழை வராது, அதனால் அவர் இதை எழுதுவதும் இல்லை.

ஆகவே முதலில் 25 பாகைக்குச் சூடாக்குங்கள், பிறகு அளவுங்கள். உங்கள் நீர்மானியின் உடலில் எந்த வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஆய்வுகூட நீர்மானிகள் சில 15.5 பாகைக்குக் குறியிடப்பட்டவை. நான் இப்போது, ஒளி வளைவதைக் கொண்டு உவர்த்தன்மையை அளக்கும் ரிஃப்ரக்டோமீற்றர் பாவிக்கிறேன். அதை வெறும் தண்ணீரால் அன்றி, 35 பங்கு உவர்த்தன்மைக்கென்று விற்கும் நியமக் கரைசலால் மாதம் ஒரு முறை சரிபார்க்கிறேன். ஊசி ஆடும் பெட்டி வகை நீர்மானியை இனாமாகத் தந்தாலும் வாங்க மாட்டேன். ஊசியில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்குத் தவறும்.

நான்காம் படி: பாறையும் காத்திருப்பும்

அடியில் 2 சென்ரிமீற்றர் அரகோனைற்று என்னும் சுண்ணாம்பு மணல், அதன் மேல் துளைகள் நிறைந்த உலர் பாறை. மாத்தளை, திகன பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். அது உருமாறி இறுகிய பளிங்குவகைக் கல். நஞ்சில்லை என்றாலும் நுண்துளை இல்லாததால் பக்ரீறியா குடியிருக்க இடம் கொடாது. வளர்ந்த தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு பிடி மணல் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஹீற்றரையும் பம்பியையும் ஓடவிட்டு, கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அமோனியாவையும் நைத்திரைற்றையும் பக்ரீறியா மாற்றி, இரண்டும் பூச்சியமாகும் வரை நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். ஹீற்றர் இல்லாமல் 'இப்போது உயிர் இல்லைதானே' என்று குளிரில் விட்டால் அந்தப் பக்ரீறியா மிக மெதுவாகவே பெருகும்.

ஐந்தாம் படி: உயிர்களைக் கொண்டுவருதல்

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏறும்போது பைக்குள் இருக்கும் தண்ணீர் 28 பாகை. மலையேறும் வழியில் கினிகத்தேனை தாண்டினால் யன்னல் காற்றே அதைக் குளிரவைத்துவிடும். மீன் கடையில் கேட்டால் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி தருவார்கள். அதற்குள் பையையும், வெதுவெதுப்பான தண்ணீர் அடைத்த ஒரு போத்தலைத் துணியில் சுற்றியும் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் போத்தலின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, முடிச்சிட்ட காற்றுக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் கலந்து, பிறகு உயிர்களை மட்டும் உள்ளே விடுங்கள்.

ஓர் எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம். சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிரொக்சின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவோ சுரண்டவோ கூடாது. அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்வதற்காக ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

ஒரு சிறு நத்தை போதும். மீன் விடாதீர்கள்.

பராமரிப்பு

வாரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ எல்லாத் தண்ணீரையும் மாற்றுகிறேன். போத்தல் சிறிதென்பதால் இது 15 நிமிட வேலை. கூடுகட்டும் உயிர்கள் இல்லாததால் கல்சியம் தனியே சேர்க்கத் தேவையில்லை. மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பொடியாக்கிய மீன் உணவை ஒரு சிட்டிகை கொடுத்தால் மிச்சம் பழைய தண்ணீரோடு போய்விடும். ஹீற்றரை அணைத்து, 15 நிமிடம் ஆறவிட்டு, பிறகே தண்ணீரை இறக்குங்கள். சூடான கண்ணாடி வெறுங்காற்றில் நின்று, அதன் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். என்னுடைய முதலாவது ஹீற்றர் அப்படித்தான் போனது.

ஆவியாதல் தினசரி விடயம். வெளியே மழையும் ஈரமும் என்றாலும், 25 பாகைத் தண்ணீர் குளிர்ந்த அறைக்குள் நன்றாகவே ஆவியாகும். என் போத்தல் மூடியோடும் நாளுக்கு 40 மில்லிலீற்றர் இழக்கிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஒரு வாரம் கவனிக்காவிட்டால் 35 பங்கு 37.5 ஐத் தாண்டும். போத்தலின் வெளியே ஒரு கோடு கீறி, தினமும் உப்பில்லாத வடித்த தண்ணீரால் அந்தக் கோடுவரை நிரப்புங்கள்.

மின்வெட்டுக்குத் தயாராக இருங்கள். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நீர்த்தேக்கங்களைச் சுற்றி வாழ்ந்தும், தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழுந்தால் இருட்டில் இருப்பது நாம்தான். 12 பாகை அறையில் 4 லீற்றர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இரண்டு பாகைக்கு மேல் இழக்கிறது. போத்தலின் மேல் கவிழ்க்கும் அளவுக்கு ரெஜிபோம் கூடொன்று வெட்டி வைத்திருக்கிறேன்; அதன் மேல் ஒரு கம்பளி. காற்றுக்கு பவர் பாங்கில் ஓடும் சிறு பம்பி.

பின்சேர்க்கை: ஹீற்றர் வயர் வழியாக உப்புப் படிந்து பிளக்கில் தீப்பொறி வந்ததாக வாசகர் ஒருவர் தெரிவித்தார். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் துளிகள் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று: தீபாவளிக்கு ஐந்து நாள் வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் கோடுவரை தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனேன். கடல் தண்ணீர்தானே என்று அவர் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஊற்றியிருந்தார். இப்போது 40 மில்லிலீற்றர் வீதம் ஐந்து சிறு மருந்துப் போத்தல்களில் வடித்த தண்ணீரை அளந்து, ஒவ்வொன்றிலும் கிழமையின் பெயரையும் 'உப்பு வேண்டாம் அக்கா' என்றும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போகிறேன்.