புடவை விரிக்கும்போது முகம் பார்ப்பது எப்படி?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 22 வருடமாக நிற்கிறேன். எதிரில் இருப்பவரின் உடம்பு என்ன சொல்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது எனப் புதுப் பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் கைமாற்று கேட்கப் போகும் இடத்திலும்கூட இது உதவும்.

வந்தவுடன் புடவையை எடுக்காதீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடைத்ததா, தண்ணீர் வேண்டுமா என்று ஏதாவது கேளுங்கள். அப்போது அவர் எப்படி இருக்கிறாரோ அதுதான் அவருடைய இயல்பு. சிலருக்குப் பிறவியிலேயே கடுகடு முகம், சிலர் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள். அந்த இயல்பிலிருந்து எது மாறுகிறதோ அதை மட்டும் கணக்கில் வையுங்கள். கையைக் கட்டிக்கொண்டாலே பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் எங்கள் கடை ஏசிக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

முகூர்த்தப் புடவைக்கு எட்டுப் பேர் வருவார்கள். முந்தானையை உதறி விரிக்கிற நொடியில் கல்யாணப் பெண் யார் முகத்தைப் பார்க்கிறாள்? அவர்தான் முடிவெடுக்கிறவர். பெரும்பாலும் மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்கும். ஒருமுறை, செருப்புக்குக் காவல் இருப்பவர் போல ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை! அப்புறம் விலையை அவரிடம்தான் சொன்னேன்.

பிடித்த புடவையை விட்டுக் கை போகாது. மேலே பத்துப் புடவை போட்டாலும் விரல்கள் அடியில் இருக்கும் அந்தக் கரையைத் தேடிப் பிடிக்கும். வாய் "சுமார்தான்" என்னும்; அது பேரம். பிடிக்காததை யாரும் தள்ளிவிடுவதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த அலமாரியைப் பார்ப்பார்கள். சிரிப்பு உதட்டோடு நின்றால் மரியாதைக்கு, கண்ணோரம் சுருங்கினால் நிஜம். டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதை எழுதிவிட்டார். கைதேர்ந்தவர்கள் கண்ணையும் சுருக்குவார்கள், எங்கள் மேனேஜர் மாதிரி. தலையாட்டலை நம்பி மட்டும் பில் போடாதீர்கள். நம்மூரில் பாதித் தலையாட்டலுக்கு 'ம், சொல்லு' என்றுதான் அர்த்தம்.

பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93-ம் குரலும் முகமும்தான் என்றார். மெஹ்ரேபியன் என்ற உளவியல் ஆய்வாளர் 1967-ல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில் வார்த்தையும் குரலும் முகமும் முரண்பட்டால் நாம் எதை நம்புகிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது செல்லாது. "பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம்" என்பதை யாராவது முகத்திலேயே சொல்லிக் காட்டட்டும்.

இன்னொன்று. அடையாளத்தைப் பார்த்ததும் காரணத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள். எனக்கு இது புரியப் பல வருடம் ஆனது. ஓர் ஆடி மாதம் ஓர் அம்மா மகளோடு வந்தார். மகள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க, இவர் இரண்டு கையையும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடவில்லை. பிடிக்கவில்லை போல என்று நான் மடிக்க ஆரம்பித்தேன். அரக்கு நிறப் புடவையை எடுத்தபோது அவர் லேசாக முன்னால் சாய்ந்தார். கவனித்தேன், இருந்தும் மடித்தேன்.

"தம்பி, அது இருக்கட்டுமே."

"பிடிச்சிருந்தா தொட்டுப் பாருங்கம்மா."

கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. "சிமெண்டு வேலைப்பா. தொட்டா இழையைப் பிடிச்சு இழுத்திரும்."

புடவையை மறுபடி விரித்து அவர் பக்கம் நகர்த்தினேன். "புறங்கையால பாருங்கம்மா" என்றேன். கரையில் ஆரம்பித்து முந்தானை வரைக்கும் மெதுவாகத் தடவினார்.