இடது பக்கம் மட்டும் நீலப் புகை: 350இசட் ட்வின் டர்போ அனுபவம்

நிஸான் 350இசட் காரில் ட்வின் டர்போ கிட் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் இரண்டு டர்போக்கள்) போட்ட பிறகு ஒரு தொல்லை. சிக்னலில் கொஞ்ச நேரம் ஐடிலில் நின்று கிளம்பினால் இடது சைலன்சரில் மட்டும் நீலப் புகை, அதாவது ஆயில் எரிகிறது. வேகமாக ஓட்டும்போது துளி புகை கிடையாது.

டர்போவைக் கழற்றிப் பார்த்தோம்; ஷாஃப்டில் ஆட்டம் இல்லை. எஞ்சினின் கிராங்க் பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மாற்றினேன், பலனில்லை. பால் பேரிங் டர்போ என்பதால் ஆயில் வரும் லைனில் அதன் அளவைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டரையும் பார்த்தேன், அதுவும் சரி.

அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயில் திரும்பும் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போனபோது பிடிபட்டது. கிராஸ் மெம்பருக்கு (வண்டியின் அடியில் குறுக்கே போகும் சட்டம்) அருகே ஹோஸ் தொய்ந்து, மறுபடி மேலேறி எஞ்சின் அடியில் உள்ள ஆயில் பேனுக்குப் போனது. டர்போவிலிருந்து வெளியேறும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, தானாக வழிந்துதான் இறங்க வேண்டும். தேங்கினால் பேரிங் பகுதி நிரம்பிவிடும். உள்ளே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி உலோக வளையம். ஐடிலில் டர்பைன் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) பக்கம் வாயு அழுத்தம் குறைவு என்பதால் ஆயில் அந்த வழியே எக்ஸாஸ்டுக்குள் கசியும்.

ஹோஸை நீளம் குறைத்து, 45 டிகிரி ஃபிட்டிங் போட்டு, வழி முழுக்கச் சரிவாக இறங்கும்படி கிளாம்ப் அடித்தேன். பைப்பில் தங்கிய பழைய ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகைந்தது, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.