எடை இயந்திரத்தோடு ஓர் இன்ச் டேப்: உடலின் ஊட்டநிலையை வீட்டிலேயே அளந்து அறியும் முறை

சர்க்கரை நோயோ கல்லீரல் கொழுப்போ இருப்பதாக முதன்முறையாகத் தெரியவரும்போது, "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய கை கால்கள் உண்மையிலேயே மெலிந்துதான் இருக்கும். கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்ந்திருக்கும். தோலுக்கடியில் படியும் கொழுப்பைவிட இப்படி உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பே இன்சுலின் வேலை செய்வதைக் கெடுத்து, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகமாக வழிவிடுகிறது. எனவே உடல் எத்தனை கிலோ என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கணிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு ஓர் எடை இயந்திரமும், தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் இன்ச் டேப்பும், அளவுகளைத் தேதியுடன் எழுதி வைக்க ஒரு குறிப்பேடும் போதும்.

முதலில் எல்லோரும் அறிந்த பி.எம்.ஐ. என்னும் உடல் நிறை குறியீட்டெண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். எடையை எப்போதும் ஒரே இயந்திரத்தில், காலையில் எழுந்து கழிப்பறை சென்று வந்தபின், எதுவும் உண்ணாமல் பார்க்க வேண்டும். உயரத்தைச் செருப்பின்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்று, தலைமேல் ஓர் அட்டையைக் கிடைமட்டமாக வைத்து இன்னொருவர் குறிக்க வேண்டும். பழைய அடையாள அட்டையில் எழுதியிருக்கும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள் சில சென்டிமீட்டர் குறைந்திருப்பார்கள்.

பி.எம்.ஐ. 25 வரை கவலையில்லை என்ற பொதுக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆசிய மக்களுக்கு 23-ஐத் தாண்டும்போதே அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சுட்டிக்காட்டியது. இந்திய மருத்துவர்களின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 23 முதல் 24.9 வரை கூடுதல் எடை, 25-உம் அதற்கு மேலும் உடற்பருமன் என்றே வகுத்தது. அந்த எண்ணும்கூட முழு உண்மையைச் சொல்லிவிடாது. அதே 2004-இல் லான்செட் மருத்துவ இதழில், புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வேறுபட்ட இரண்டு உடல்கள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, ஒரே ஓர் அளவைத்தான் எடுக்க முடியும் என்றால் வயிற்றுச் சுற்றளவையே எடுங்கள் என்பேன். இதில்தான் தவறுகளும் அதிகம் நடக்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேன்ட் அளவை வைத்துக் கணக்கிடக் கூடாது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே அணிவதால், ஆண்டுகள் பல கடந்தும் அந்த எண் மாறாமலே இருக்கும். சட்டையை உயர்த்திக்கொண்டு, பாதங்களைச் சற்று அகற்றி நிமிர்ந்து நில்லுங்கள். விலாப் பக்கத்தில் விரலால் அழுத்திக் கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பைக் கண்டுபிடியுங்கள். அதே நேர்கோட்டில் கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இவ்விரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். அந்தப் புள்ளிகளின் மீது டேப்பைச் சுற்றி, முதுகுப்பக்கம் அது இறங்கிவிடாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த முடிவில் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுக்கும் பழக்கம் பலருக்குத் தாமாகவே வந்துவிடும் என்பதால் இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

இந்தியர்களுக்கு ஆணில் 90 சென்டிமீட்டர், பெண்ணில் 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கை எல்லை. இந்த எண்களை மறந்துவிட்டாலும், வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அரைக்கு மேல் போனால் அபாயம் கூடுகிறது, உயரத்தில் 0.6 பங்கைத் தொட்டால் அது மிக அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்தி 2023-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், பி.எம்.ஐ. கணக்கின்படி உடற்பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதமாகவும், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதமாகவும் இருந்தார்கள். எடை இயந்திரத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு பேர் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

அளந்த எண்ணை அபாயக் கணிப்பாக மாற்றுவது அடுத்த படி. அதே அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இதற்கு மிகப் பொருத்தமானது. ரத்தம் எடுக்காமலே நான்கு கேள்விகளில் முடிந்துவிடும். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் 30. வயிற்றுச் சுற்றளவு ஆணில் 90, பெண்ணில் 80-க்குக் கீழ் என்றால் 0. ஆணில் 90 முதல் 99, பெண்ணில் 80 முதல் 89 வரை 10. அதற்கு மேல் 20. ஒழுங்கான உடற்பயிற்சியும் உடலுழைப்பு மிகுந்த வேலையும் இருந்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டினால் 60-உம் அதற்கு மேலும் அதிக அபாயம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30-க்குக் கீழ் குறைவு.

42 வயதுள்ள, அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 65 கிலோ. பி.எம்.ஐ. 23; பார்ப்பவர் யாரும் அவரைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வயிற்றுச் சுற்றளவு 94. உயரத்தோடு ஒப்பிட்டால் 0.56. உடற்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, உழைப்பின்மைக்கு 30, அம்மாவுக்காக 10 என மொத்தம் 70. வயதையும் பரம்பரையையும் அவரால் மாற்ற முடியாது. ஆனால் ஒழுங்காகப் பயிற்சி செய்யத் தொடங்கி, வயிற்றை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் மதிப்பெண் 50-க்கு இறங்கிவிடும். எதைத் தொட்டால் எவ்வளவு பயன் என்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவதாலேயே இந்த மதிப்பெண்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

உடற்கொழுப்பு சதவீதம் காட்டும் டிஜிட்டல் எடை இயந்திரங்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. இவை உள்ளங்காலின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் மிகுந்த தசை அதை எளிதாகவும் கொழுப்பு கடினமாகவும் கடத்துவதை வைத்துக் கணக்கிடுகின்றன. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும், அப்போதுதான் உடற்பயிற்சி செய்திருந்தாலும் எண் மாறிவிடும். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் எடுத்து, மாதங்கள் கடந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இவற்றின் மீது ஏறக் கூடாது. துல்லியம் வேண்டுமென்றால், எக்ஸ்ரே கதிரால் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. சாதாரணமாக அது தேவைப்படுவதில்லை.

முதியவர்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது. இங்கே கவலைப்பட வேண்டியது தசை குறைவதைப் பற்றி. அம்மாவின் வளையல் முழங்கைவரை ஏறுகிறது, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால், வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் எடை குறைந்தது நல்லது என்று மகிழவும் செய்கிறோம். முயற்சி செய்யாமலே மூன்று முதல் ஆறு மாதங்களில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டினால் தாமதமே கூடாது. 50 கிலோ இருந்தவர் நான்கு மாதத்தில் 46-க்கு வந்திருந்தால் அது 8 சதவீதம். எடை பார்க்க இயலாதபோது கெண்டைக்காலை அளக்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆணில் 34, பெண்ணில் 33 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் தசை இழப்பு இருக்கக்கூடும் என்று ஆசிய வல்லுநர்கள் 2019-இல் வகுத்திருக்கிறார்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைவலு குறைந்திருக்கிறது என்று பொருள். விழுந்துவிடாமல் ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம். இப்படிப்பட்டவருக்குச் சோற்றைக் கூட்டிப் பயனில்லை. பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவற்றோடு, மருத்துவர் அனுமதிக்கும் அளவில் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோல் எதுவும் செல்லாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவு, 11.5-க்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. இரு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால், கையளவு எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மற்றபடி அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்துவருவதே சிறந்த வழி. கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

டேப்புக்குத் தெரியாத குறைகளும் உண்டு. வயிறு 88 சென்டிமீட்டர் உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9 ஆக இருப்பது நம் நாட்டில் அரிதன்று. உண்ணும் உணவில் அரிசியும் எண்ணெயும் நிறைந்து, இரும்புச்சத்தும் புரதமும் குறைந்தால் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தே வரும். கண்ணிமையைக் கீழிழுத்து வெளுப்பைப் பார்ப்பது போதாது. ரத்தப் பரிசோதனையில் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. சுத்த சைவம் உண்பவர்கள், குறிப்பாகக் கால் மரத்துப்போவதை உணர்பவர்கள், பி-12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவுகள் எல்லையைத் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி, ரத்தக் கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வெறும்வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உணவாலும் உழைப்பாலும் பெரும்பாலும் திருப்பிவிடக்கூடிய கட்டம் அது. குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டும்போது ஹீமோகுளோபின் முடிவையும் சேர்த்தே காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை எச்.பி.ஏ1சி எண்ணை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் மருந்தே தவறாகிவிடலாம்.