கெல்டிக் தொன்மக் கதைகள்: எந்தப் புத்தகத்தை வாங்குவது?

அட்டையில் ‘கெல்டிக் தொன்மங்கள்’ என்று போட்ட புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாக் கதையும் அதற்குள் இருக்கும் என்று எண்ணித்தான் பலரும் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு மூலநூல் கிடையாது. கெல்டிக் என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மேங்க்ஸ் மூன்றும் ஒரு கிளை. வேல்ஸின் வெல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்ஸின் வடமேற்கு மூலையில் பேசப்படும் பிரெட்டன் மூன்றும் இன்னொரு கிளை. இன்றைய பிரான்ஸில் வாழ்ந்த, ‘கால்’ (Gaul) என்று அழைக்கப்படும் பழைய இனத்தாரின் மொழி அழிந்துபோயிற்று. அவர்கள் சொல்லிவந்த கதை ஒன்றுகூட எழுத்தில் தங்கவில்லை. இடைக்காலச் சுவடிகளில் முழுக் கதைகளாகக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் ஐரிஷிலும் வெல்ஷிலும்தான். மற்றப் பகுதிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டு முதல் சேகரித்த வாய்மொழிக் கதைகளே செல்வம். ஆகவே எந்த நாட்டுக் கதை, எந்தக் காலத்துப் பதிவு என்ற இரண்டையும் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கையில் எடுத்தது என்ன வகைப் புத்தகம் என்று கண்டுபிடிப்பது. ஒரே தட்டில் நான்கு வகை கலந்து கிடக்கும். சுவடியில் உள்ளதை அப்படியே மொழிபெயர்த்தது ஒரு வகை. அந்தக் கதைகளை ஒருவர் தம் நடையில் திருப்பிச் சொன்னது இன்னொரு வகை. ஊர்க் கதைசொல்லி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட நாட்டார் கதைத் தொகுப்பு மூன்றாவது. ஆய்வு நூலும் அகராதியும் நான்காவது. நான்குமே தேவைப்படுகிறவைதான். இரண்டாம் வகையைப் படித்துவிட்டு முதல் வகையைப் படித்ததாக நம்பிவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. பழங்கதையில் இல்லாத ஒன்றை ‘பண்டைய கெல்ட்டுகளின் நம்பிக்கை’ என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித் தடம் மாறியவர்கள்.

கடையில் ஐந்து நிமிடம் போதும். முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைத் திருப்பி, முதன்முதலில் எந்த ஆண்டு வெளிவந்தது என்று பாருங்கள். பளபளப்பான புது அட்டைக்குள் 1911-இல் வந்த டி. டபிள்யூ. ரோலஸ்டனின் நூலோ, 1905-இல் வந்த சார்லஸ் ஸ்குயரின் நூலோ இருக்கலாம். இரண்டும் சுவையாகப் படிக்கக்கூடியவை, ஆனால் நூறாண்டுக்கு முந்தைய கருத்துகளைச் சுமப்பவை. அடுத்து, மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொண்டு பெயரை மறைக்கும் பதிப்பு பெரும்பாலும் பதிப்புரிமை காலாவதியான பழைய பாடம். பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு கதையும் எந்தச் சுவடியிலிருந்து, அல்லது எந்த ஊரில் யார் சொல்லி எடுத்தது என்ற குறிப்பு வேண்டும். பெயர் உச்சரிப்புக் குறிப்பும் சொல்லடைவும் வேண்டும். மின்னூலாக வாங்குகிறவர்களுக்கு மாதிரிப் பக்கங்கள் முன்பகுதியை மட்டுமே காட்டும். பின்குறிப்புகள் உண்டா என்பதைப் பொருளடக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொல்லடைவு இருந்தால் மூன்று சொற்களைத் தேடுங்கள். முதலாவது, சௌவின். நவம்பர் முதல் நாளை ஒட்டிய அந்தப் பண்டிகையின் பெயரை ‘மரணத்தின் தெய்வம்’ என்று எழுதியிருந்தால் புத்தகத்தை வைத்துவிடலாம். அது பதினெட்டாம் நூற்றாண்டில் கிளம்பிய பிழை. இரண்டாவது, தானு என்ற பெண்தெய்வத்தின் பெயர். ‘டூஅஹா டே டானன்’ என்ற தெய்வக் கூட்டத்தின் பெயரிலுள்ள கடைசிச் சொல்லிலிருந்து பிற்கால அறிஞர்கள் ஊகித்தெடுத்த வடிவம் இது. அவளைப் பற்றி நீண்ட கதை சொல்லும் புத்தகம் அதை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறது. மூன்றாவது, கொம்புடைய தெய்வமான கெர்னுன்னாஸ். இந்தப் பெயர் பாரிஸில் 1710-இல் கண்டெடுத்த கல்தூணில்தான் தெளிவாக இருக்கிறது. டென்மார்க்கில் 1891-இல் கிடைத்த குன்டஸ்ட்ரப் கொப்பரையில் மான்கொம்போடு அமர்ந்திருக்கும் உருவத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது நாம்தான். இவற்றை ஒளிக்காமல் சொல்லும் ஆசிரியரின் மற்ற பக்கங்களையும் நம்பிப் படிக்கலாம்.

இனி ஐரிஷ் கதைகள். தொடக்கத்துக்கு ஜெஃப்ரி கான்ட்ஸ் மொழிபெயர்த்து 1981-இல் பெங்குவின் வெளியிட்ட ‘ஆரம்பகால ஐரிஷ் தொன்மங்களும் வீரகதைகளும்’ நல்ல தேர்வு. ஏடினைப் பெண் கேட்ட கதை, உஷ்லுவின் மகன்களின் நாடுகடத்தல், பிரிக்ரியுவின் விருந்து என்று தனித்தனியாக முடியும் கதைகள். ஒவ்வொன்றின் முன்னும் சிறு அறிமுகம் உண்டு. அதன் பிறகு ‘டாயின் போ கூலின்யே’, அதாவது கூலின்யேயின் காளையைக் கவரப் படையெடுத்த கதை. இதற்கு ஒரே பாடம், அதாவது ஒரே எழுத்து வடிவம், கிடையாது. சுமார் 1100-இல் எழுதப்பட்ட ‘பழுப்புப் பசுவின் நூல்’, பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த ‘லெக்கனின் மஞ்சள் நூல்’ இரண்டிலும் ஒரு பாடம். பன்னிரண்டாம் நூற்றாண்டு ‘லென்ஸ்டர் நூலில்’ இன்னொரு பாடம். அரசி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் கிடந்து யாருடைய சொத்து அதிகம் என்று கணக்குப் பார்க்கும் புகழ்பெற்ற தொடக்கம் இரண்டாவதில் மட்டுமே உள்ளது. 1969-இல் வந்த தாமஸ் கின்செல்லாவின் மொழிபெயர்ப்பு முதல் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்தக் காட்சியை மற்றதிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறது. முன்கதைகள் சிலவற்றையும் முதலில் வைத்திருக்கிறது. படிக்க இதமான ஏற்பாடு. ஆனால் இந்த வரிசையிலேயே சுவடியிலும் இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. லூயி ல புரோக்கியின் கறுப்பு மை ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கியரன் கார்சனின் 2007 மொழிபெயர்ப்பும் நம்பகமானது. மூலமும் ஆங்கிலமும் சேர்ந்து வேண்டும் என்றால் சிசில் ஓ’ராஹிலி இரு பாடங்களையும் தனித்தனியாகப் பதிப்பித்திருக்கிறார். கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் மின்னுரைத் தொகுப்பில் அவை இலவசம்.

தெய்வங்களின் கதை வேண்டுவோர் ‘மக் டூரேத் போர்’ என்ற நூலைத் தேடுவார்கள். அது ஒரே ஒரு பதினாறாம் நூற்றாண்டுச் சுவடியில் தப்பிப் பிழைத்தது. விட்லி ஸ்டோக்ஸ் 1891-இல் மொழிபெயர்த்தபோது சபைக்கு ஆகாது என்று கருதிய இடங்களை விட்டுவிட்டார். எலிசபெத் கிரேயின் 1982 பதிப்பு முழுமையானது. ஃபின் என்ற வீரனின் கதைகளுக்கு ஆன் டூலி, ஹாரி ரோ இருவரும் மொழிபெயர்த்து 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட ‘அயர்லாந்து முதியோரின் கதைகள்’. ஒன்றை மட்டும் தொடக்கத்தில் வாங்காதீர்கள்: அயர்லாந்தில் யார் யார் வந்து குடியேறினார்கள் என்று சொல்லும் ‘லெவர் கவாலா’. மெக்காலிஸ்டர் பதிப்பு 5 தொகுதிகள். பெயர்ப் பட்டியலும் தலைமுறை வரிசையுமாகப் போகும் அதில் புதிய வாசகர் இருபதாவது பக்கத்தைத் தாண்டுவது கடினம். பத்துக் கதை படித்து, பெயர்கள் பழகிய பிறகு எடுத்தால் அதே பட்டியல் உயிர் பெறும்.

லேடி கிரகரியின் 1902, 1904 நூல்கள் இரண்டும் திருப்பிச் சொன்ன வகை. வாசகர்களுக்குப் பிடிக்காது என்று பட்டதை விட்டுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஐரிஷ் வாக்கிய அமைப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்த அவர் நடை அழகுதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு முதல் சில அத்தியாயம் தடுக்கும்.

வெல்ஷ் பக்கம் தேர்வு எளிது. ‘மபினோகியன்’ என்று நாம் அழைப்பது 11 கதைகள். சுமார் 1350-இல் எழுதிய ‘ரதெர்க்கின் வெள்ளை நூல்’, 1400-ஐ ஒட்டிய ‘ஹெர்கெஸ்டின் சிவப்பு நூல்’ இரண்டும் மூலம். லேடி சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட மொழிபெயர்ப்பு இன்றும் எங்கும் கிடைக்கிறது. அவர் ஆண்-பெண் உறவு வரும் இடங்களை மழுப்பினார். இரண்டு சுவடியிலும் இல்லாத டாலியெசின் கதையைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தார். எனவே பெயரில்லாப் பதிப்பில் 12 கதை இருந்து, கடைசியில் டாலியெசின் நின்றால் அது கெஸ்ட். பேட்ரிக் ஃபோர்டின் 1977 நூலிலும் டாலியெசின் உண்டு, ஆனால் அதில் ஆர்தர் அரசவையைச் சேர்ந்த மூன்று காதல் காவியங்கள் இருக்காது, குழப்பிக்கொள்ள வேண்டாம். வாங்க வேண்டியது ஷோனெட் டேவிஸின் 2007 ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு. உரக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய கதைகள் இவை என்பதை உணர்ந்த மொழிபெயர்ப்பு, பின்குறிப்புகள் நிறைவானவை. ‘கில்ஹுக்கும் ஆல்வெனும்’ கதையில் ஆர்தரின் அவையோர் பட்டியல் பக்கக்கணக்கில் ஓடும். அங்கே நின்றுபோகாமல் தாண்டிப் போய், கதையை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

நாட்டார் கதைகளுக்கு அளவுகோல் வேறு. சொன்னவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த மொழியில் சொன்னார் என்ற நான்கும் இருக்க வேண்டும். ஜே. எஃப். கேம்பல் 1860 முதல் 1862 வரை வெளியிட்ட ‘மேற்கு மலைநாட்டு மக்கள் கதைகள்’ 4 தொகுதிகள் இதற்கு முன்மாதிரி: கதைசொல்லியின் பெயரும் ஊரும், கேலிக் மூலம், பக்கத்தில் ஆங்கிலம். டக்ளஸ் ஹைட் 1890-இல் வெளியிட்ட தொகுப்பும் அதே நேர்மை கொண்டது. தமக்கு முன் வந்தவர்கள் மூலத்தைக் காட்டாமல் கதையை மெருகேற்றியதை முன்னுரையிலேயே கண்டித்திருக்கிறார். அந்த ஹைட்தான் 1938-இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். இருபதாம் நூற்றாண்டுப் பதிவுகளுக்கு ஷான் ஓ’சலிவனின் 1966 தொகுப்பு; ஒரே புத்தகத்தில் பல நூற்றாண்டுக் கதைகளைப் பார்க்க ஹென்றி கிளாஸியின் 1985 தொகுப்பு. இவான்ஸ்-வென்ட்ஸ் 1911-இல் எழுதிய, தேவதை நம்பிக்கை பற்றிய பெரிய நூலைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த சாட்சியங்கள் உள்ள முதல் பகுதி பொன். தேவதைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று நிறுவ முயலும் பிற்பகுதியைச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பணமே செலவழிக்காமல் படிக்கவும் வழி உண்டு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 மாவட்டங்களில் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளும் வழக்கங்களும் தூகஸ் என்ற இணையதளத்தில் கையெழுத்தோடு இருக்கின்றன. எந்தத் தொகுப்பாளரும் மெருகேற்றாத கதை எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

போலிகளும் அரைப்போலிகளும் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் 1760-களில் ஓசியன் (Ossian) என்ற பழங்கவிஞர் பாடியதாக வெளியிட்டவை, கேலிக் மரபின் துணுக்குகளைக் கொண்டு அவரே புனைந்தவை. யோலோ மோர்கனக் வேல்ஸின் பழம்பாடல், மும்மூன்றாக அடுக்கிச் சொல்லும் மும்மைத் தொடர் என்று பலவற்றைத் தாமே எழுதிச் சேர்த்துவிட்டார். அவர் தாள்களிலிருந்து தொகுத்த ‘பர்தஸ்’ 1862-இல் வந்தது, இன்றும் பழைய கெல்ட்டுகளின் பூசாரிகளான ட்ரூயிடுகள் பற்றிய புத்தகங்களில் அதன் வரிகள் சான்றாக நிற்கின்றன. பிரெட்டன் பேசும் பிரிட்டனியின் நாட்டுப் பாடல் தொகுப்பான ‘பார்சாஸ் பிரைஸ்’ நெடுநாள் சந்தேகத்தில் கிடந்தது. தொகுத்தவரின் களக் குறிப்பேடுகள் 1960-களில் கிடைத்த பிறகு, திருத்தங்கள் இருந்தாலும் அடித்தளம் உண்மையானது என்று தெரிந்தது. 13 மரங்களுக்கு 13 மாதம் என்ற ‘கெல்டிக் மர நாட்காட்டி’ ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் கட்டியது. அது உள்ள புத்தகத்தைக் கவிதையாகப் படிக்கலாம், வரலாறாகப் படிக்க முடியாது. சுவடிகளை எழுதியவர்கள் கிறித்தவத் துறவிகள் என்பதையும், பழைய தெய்வங்கள் அவர்கள் கையில் எப்படி மாறினார்கள் என்பதையும் விளக்கும் ஒரே நூல் வேண்டுமானால் மார்க் வில்லியம்ஸின் 2016 ஆய்வு, ‘அயர்லாந்தின் மரணமற்றோர்’. அகராதிக்கு ஜேம்ஸ் மெக்கில்லப், 1998.

மலிவு மறுபதிப்பு வாங்கும்போது ஒரு பக்கத்தைத் திறந்து ஐரிஷ் பெயர்களைப் பாருங்கள். பழைய நூலை இயந்திரம் படித்து அச்சிட்டிருந்தால் உயிரெழுத்தின் மேலிருக்கும் நீட்டல் குறி இடத்தில் எண்ணோ கேள்விக்குறியோ நிற்கும். இப்படிப்பட்டவற்றில் அடிக்குறிப்பு பாடத்துக்குள் கலந்துவிடும், ஓவியங்கள் காணாமற்போகும். 4 தொகுதி நூலில் முதல் தொகுதியை மட்டும் முழுநூல் போல விற்பதும் உண்டு. பக்க எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் ஜோசப் ஜேக்கப்ஸ் 1892-இல் தொகுத்த ‘கெல்டிக் தேவதைக் கதைகள்’, ஜான் பேட்டனின் படங்களோடு. எதை எங்கிருந்து எடுத்தார், எதை மாற்றினார் என்று பின்னால் எழுதியிருக்கிறார்; அந்தக் குறிப்பை வெட்டிவிட்ட பதிப்பை விலக்குங்கள். டாயினையும் மபினோகியனில் ‘நான்காம் கிளை’ எனப்படும் கதையையும் முழு மொழிபெயர்ப்பில் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம். வெட்டும் குத்தும் மட்டும் அல்ல, பலாத்காரமும் மறைவின்றி வரும்.

தேடும்போது பெயர் எழுதும் முறை தொந்தரவு செய்யும். மேவ் என்று ஒலிக்கும் அரசியின் பெயரைப் பழைய ஐரிஷில் எம், இ, டி, பி என்று நான்கெழுத்தாக எழுதுவார்கள். இன்றைய ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் வேறு வேறு வடிவம். சௌவின் என்பதன் நடுவில் எம், எச் இரண்டும் நிற்கும். வெல்ஷில் ஒற்றை எஃப்-க்கு வகர ஒலி, இரட்டை எஃப்-க்குத்தான் ஃபகரம். டபிள்யூ பல இடங்களில் உகரம். ஒரு பெயருக்குக் குறைந்தது மூன்று எழுத்து வடிவத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நூலகப் பட்டியலிலும் கடைத் தளத்திலும் தேடுங்கள். ஒன்றில் அகப்படாத புத்தகம் அடுத்ததில் வந்து நிற்கும்.