அடுத்தடுத்த இரு கடைகளில் ட்சுகேமென்: ஒப்பிடும் முறை

டோக்கியோவில் அருகருகே உள்ள இரு கடைகளின் ட்சுகேமென்னை, அதாவது நூடுல்ஸைத் தனிக் கிண்ணத்துச் சாற்றில் தோய்த்து உண்ணும் ராமென்னை ஒப்பிட விரும்பினால், ஒரே வேளையில் இரண்டையும் உண்ணாதீர்கள். முதல் கடையின் கொழுப்பும் உப்பும் நாவில் தங்கிவிடுவதால் இரண்டாவது கடைக்கு நியாயம் கிடைக்காது. வேறு வேறு நாள்களில், அதே பசியோடு செல்லுங்கள்.

இரண்டிலும் குளிர்ந்த நீரில் அலசிய 'ஹியாமோரி' நூடுல்ஸையே கேளுங்கள். சூடான 'அத்சுமோரி' இதமானதுதான், ஆனால் அதில் நூடுல்ஸின் இறுக்கம் தளர்ந்துவிடும். 1955-இல் டோக்கியோவின் நகானோ பகுதியிலுள்ள தைஷோகென் கடையில் யாமாகிஷி கசுவோ இவ்வுணவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதன் உயிர் நூடுல்ஸில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே முதல் இரண்டு இழைகளைச் சாறில்லாமலே மென்று, கோதுமையின் மணம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு பாதியளவு மட்டும் தோய்த்து உண்ணுங்கள். பன்றியெலும்பும் உலர்மீனும் சேர்ந்த கெட்டியான சாறு இழையில் நன்றாகப் பற்றும். மெல்லிய சாறு புளிப்பாலும் மிளகாயாலும் ஈடுசெய்யும். குளிர்ந்த நூடுல்ஸ் பட்டுச் சாறு விரைவில் ஆறுவதால், கடைசி வாய்வரை எந்தக் கடையில் சுவை குன்றாமல் நிற்கிறது என்பதையே முக்கியமாகக் கவனியுங்கள். முடிவில் 'சூப்-வாரி' கேட்டால், மீந்த சாற்றில் சூடான சாறு ஊற்றிக் குடிக்கத் தருவார்கள்.