கருத்த தோலில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது எப்படி?

குடியாத்தத்தில் என் அம்மா நெடுநாள் வயலில் உழைத்தவர். அவர் விரல்கள் நன்றாகக் கருத்தவை. அவருக்காகக் கற்றுக்கொண்ட முறையை, முதன்முறையாகப் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கருவி சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுவதால், கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலான எண் வரக்கூடும். 2020இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியும், தமனியிலிருந்து (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்) எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த அளவீடுகள், வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 ஆகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 ஆகவும் இருந்தன. அது அமெரிக்க நோயாளிகளைப் பற்றிய ஆய்வே என்றாலும், மெலனின் நம் தோலிலும் இருப்பதால் நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், நகப்பூச்சை அழித்துவிடுங்கள். அடர்ந்த மருதாணி இருந்தால், அது இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள்.

இரண்டாவதாக, ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, கையை நெஞ்சுக்கு நேராக வைத்து, விரலை முழுவதும் கருவிக்குள் செருகுங்கள். நேரடி வெயில் படக்கூடாது. வேலூர்க் கோடையில் திண்ணையைத் தவிர்த்து வீட்டுக்குள்ளேயே பாருங்கள். எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். முதலில் மின்னும் எண்ணை எழுதாதீர்கள். அம்மாவுக்கு 99 என்று தொடங்கி 95இல் நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக, மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணி, கருவி காட்டும் துடிப்போடு ஒப்பிடுங்கள். பெரிதும் வேறுபட்டால், ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் பெரும்பாலும் பச்சை ஒளியால் துடிப்பை அளக்கிறது; பச்சையை மெலனின் இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால், பட்டையை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கமாகக் கட்டி, அசையாமல் இருந்து பாருங்கள்.

நான்காவதாக, உடல் நலமாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் அளவெடுத்து நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக 98 வருபவருக்கு 94 வந்தால், அந்தச் சரிவைப் பொருட்படுத்த வேண்டும்.

மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எண் 96 என்று காட்டினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோய், தமனி ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.