முத்தியால்பேட்டையில் அம்மாவுக்கு ஒரு வாட்டர் ஃபில்டர்

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன். இந்தத் தடவை புதுச்சேரியில் எனக்குக் கிடைத்தது 6 வாரம். அதில் 11 நாள் ஒரு வாட்டர் ஃபில்டருக்கே போய்விட்டது. அந்த 11 நாளை அம்மாவோடு கடற்கரையில் உட்கார்ந்து கழித்திருக்கலாம்.

நான் பிரான்சுக்குப் போய் 22 வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 74 வயது, முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறார். கிணறும் முற்றமும் இருந்த எங்கள் சொந்த வீட்டை 4 வருடத்துக்கு முன்னால் விற்றோம். விற்கச் சம்மதம் என்று நானும் அங்கிருந்தே பவர் எழுதி அனுப்பினேன். அதைப் பற்றி இங்கே அதிகம் பேச மாட்டேன்.

வந்து இறங்கிய மறுநாள் காலை அம்மா தண்ணீர் எடுப்பதைப் பார்த்தேன். 20 லிட்டர் கேன் ஒரு மரமுக்காலி மேல் இருந்தது. கேனின் கழுத்தில் பழைய துண்டைச் சுற்றி, முழங்காலை முக்காலிக்கு முட்டுக் கொடுத்து, கேனை மெல்லச் சாய்த்து, கீழே வைத்த சொம்பில் விழ வைத்தார். பாதி சொம்பில், பாதி தரையில். தரையை அதே துண்டால் துடைத்தார். கேன் நிறைந்திருந்தால் சாய்க்க முடியாதாம், யாராவது வரும்வரை காத்திருப்பாராம். கேன் போடும் பையன் சில நாள் படிக்கட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவானாம். "எனக்குத் தாகமே எடுக்கறதில்லடி" என்றார். அந்த வருடத்தில் 2 தடவை நீர்க்கடுப்பு வந்து மருத்துவரிடம் போனது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். தினமும் வீடியோவில் "சாப்டியாம்மா?" என்று கேட்டேனே தவிர, தண்ணீரை எப்படி எடுக்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சரி, ஃபில்டர் வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. கடைக்குப் போவதற்கு முன்னால் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

மாமா நல்லவர். நான் இல்லாத நாட்களில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான், அதனாலேயே அவர் பேச்சை என்னால் தட்ட முடியவில்லை. "பாப்பா, நம்ம பையன் ஒருத்தன் ஆர்ஓ மிஷின் போடறான். நான் வாக்குக் குடுத்துட்டேன், 2,000 அட்வான்ஸும் குடுத்தாச்சு, நாளைக்கு வந்து மாட்டிடுவான்" என்றார். ஆர்ஓ என்றால் தண்ணீரை அழுத்தி ஒரு மெல்லிய சவ்வு வழியாகச் செலுத்தி உப்பைக் குறைக்கிற மிஷின். வந்தவர் முதலில் குளியலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கி, 1,100 என்று காட்டினார். அப்புறம் 2 டம்ளர்களில், ஒன்றில் எங்கள் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, கம்பிகள் தொங்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் வைத்துக் கரண்ட் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் துருப்பிடித்த பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இதத்தானா இத்தனை நாளா குடிச்சேன்?"

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் காட்டுவார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்து வருவதில்லை, கம்பியில் இருந்து வருகிறது. இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைகிறது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் அவ்வளவாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். குடிக்க நல்ல தண்ணீரையும் அந்தக் கருவி அழுக்காகத்தான் காட்டும். எனக்கு இது அன்றைக்குத் தெரியவில்லை. 14,500 ரூபாய் கொடுத்தேன்.

மிஷினைச் சுவரில் மாட்ட சிங்குக்கு மேலே 2 ஓட்டை போட வேண்டும். வாடகை வீடாயிற்றே, வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றேன். மாமா "நான் பேசிக்கறேன் பாப்பா" என்றார், பேசவில்லை. இரண்டாவது ஓட்டை சுவருக்குள் ஓடும் குழாயில் இறங்கியது. டைல்ஸுக்குப் பின்னால் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது, மோட்டாரை நிறுத்தி, மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் தேடி மூடுவதற்குள் அடுக்களை முழுக்கக் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். சாயந்திரம் கீழே வீட்டுக்கார அம்மாவின் அடுக்களைக் கூரையில் ஈரம் படர்ந்து, ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவர் மேலே வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? உங்கம்மா இங்க வந்து நாலு வருஷத்துல ஒரு ஆணி அடிச்சதில்லையே" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதன்பிறகு நடந்ததுதான் அந்த 11 நாள். சுவரை உடைத்துக் குழாயைச் சரிசெய்ய ஒரு பிளம்பர், அவர் வர 3 நாள். உடைந்த 4 டைல்ஸுக்கு அதே பூப்போட்ட மாதிரி எங்கேயும் கிடைக்கவில்லை, உடைந்த துண்டு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன், கடைசியில் சிங்க் பக்கச் சுவர் முழுவதற்கும் புது டைல்ஸ் ஒட்ட வேண்டியதாயிற்று. கீழ்வீட்டுக் கூரைக்குப் பூச்சு, பெயிண்ட். வாடகை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறேன் என்றார் வீட்டுக்கார அம்மா. பிடித்தால் அம்மா காலிசெய்யும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது என்று நானே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தேன். மிஷின் போட்டவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு அந்த மிஷின் சரியாக ஓடவும் இல்லை. ஆர்ஓவுக்குக் குழாயில் ஓரளவு அழுத்தம் வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் வரும், எங்கள் தொட்டியோ அடுக்களைக்கு நேர் மேலே, 2 மீட்டர் உயரம்கூட இல்லை. கொஞ்ச நேரம் உறுமும், நின்றுவிடும்.

பொறுக்க முடியாமல் நானே சில நூறு ரூபாயில், அவர் காட்டிய அதே மாதிரி மீட்டர், ஒரு டிடிஎஸ் பேனா வாங்கினேன். அடுக்களைக் குழாயில் 410 காட்டியது. ஓடிப்போய்க் குளியலறையில் பார்த்தேன், 1,090. குளியலறைக்குப் போர்வெல் தண்ணீர், அடுக்களைக்கு அரசாங்கத் தண்ணீர். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. வீட்டுக்கார அம்மாவைக் கேட்டிருந்தால் 1 நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அதனால் முதல் வேலை இதுதான்: எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குடிக்கப் பிடிக்கும் குழாயில், காலையும் மாலையும், 3 நாளாவது நீங்களே அளந்து பாருங்கள். சில வீடுகளில் அரசாங்கத் தண்ணீர் வராத நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள், அப்போது அளவு நாளுக்கு நாள் மாறும். இந்திய தரநிலையான ஐஎஸ் 10500 குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது, ஏனென்றால் வீட்டு ஆர்ஓக்கள் பலவும் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2, 3 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. டிடிஎஸ் பேனா உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. அதற்கு ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்துக் கோலிஃபார்ம் என்கிற பாக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், போர் தண்ணீரைப் பேனா வைத்து முடிவு செய்யவே செய்யாதீர்கள், ரசாயனங்களுக்கும் சேர்த்து ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள்.

500க்குக் கீழே, கலங்கல் இல்லாத அரசாங்கத் தண்ணீர் என்றால், மேடைமேல் வைக்கிற கிராவிட்டி ஃபில்டர் போதும். மேல் தொட்டியில் ஊற்றினால் கரியிலும் யுஎஃப் என்கிற மெல்லிய குழல்களிலும் வடிந்து கீழே வரும். குளோரின் வாசனை போகும், கிருமிகளில் பெரும்பாலானவற்றை அந்தக் குழல்கள் பிடித்துக்கொள்ளும், கரண்ட் வேண்டாம், ஓட்டை வேண்டாம். உப்பு மட்டும் குறையாது. புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு வைத்ததும் நல்லதுதான், ஆனால் கரண்ட் இருக்க வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். அளவு நிஜமாகவே 500ஐத் தாண்டி, வாயில் உப்புக் கரித்தால் அப்போது ஆர்ஓ வாங்குங்கள், அதிலும் சுவரில் மாட்டாமல், தண்ணீரை நாமே ஊற்றி பிளக்கைச் செருகினால் ஓடுகிற மேடைமேல் வைக்கும் வகையாகப் பாருங்கள். அடுக்களையில் மிக்ஸிக்குப் போக இன்னொரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் ஃபில்டர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது ஏற்கெனவே சுத்திகரித்துக் குழாயில் வரும் தண்ணீருக்காகச் செய்தது, கிருமியைப் பிடிக்காது, மாற்று கார்ட்ரிட்ஜுக்கும் அலைய வேண்டும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஃபில்டரின் உயரத்தை உங்கள் கையால் அளக்காதீர்கள். நான் இரண்டாவதாக வாங்கிய கிராவிட்டி ஃபில்டரை மேடைமேல் வைத்ததும் அதன் மூடி அம்மாவின் நெற்றிக்கு வந்தது. 1 லிட்டர் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றப் பார்த்தார், கை நடுங்கித் தோளில் கொட்டிக்கொண்டார். மேடையில் இருந்து இறக்கி அந்தப் பழைய கேன் முக்காலி மேலேயே வைத்தேன். இப்போது மூடி அவர் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, குழாய்க்கு அடியில் டம்ளர் நிற்கிறது, உட்கார்ந்துகூடப் பிடிக்கலாம். அதற்கு ஆன செலவு 3,000 ரூபாய்க்குள்தான்.

பில்லையும் சர்வீஸ் பதிவையும் அம்மா பெயரில், அம்மாவின் நம்பரில் போடுங்கள். உங்கள் வெளிநாட்டு நம்பருக்குப் பெரும்பாலும் ஓடிபி வராது, நீங்கள் வாங்கிய உள்ளூர் சிம்மோ ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும். அப்புறம் கார்ட்ரிட்ஜ் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபில்டரை வாங்குங்கள், வாங்கிவிட்டுப் பார்க்காதீர்கள். நீங்கள் இருக்கும்போது மட்டும் திறக்கிற வீடு என்றால், கிளம்பும்போது தண்ணீரை முழுக்க வடித்துக் காயவைத்துவிட்டு, திரும்பி வந்ததும் கரியையும் குழலையும் புதிதாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் தேங்கிய ஈரத்தில் கிருமி வளரும்.

கரண்ட் இல்லாமல் ஓடுவதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இது புயல் ஊர். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் பிரான்சில் இருந்தேன், அம்மா ஊரில். நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் கிடைக்கவில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தபோதும் அப்படியேதான், தெருவெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. நவம்பர், டிசம்பரில் ஃபில்டர் இருந்தாலும் 2 கேன் தனியாக இருக்கட்டும், ஐஎஸ்ஐ முத்திரையும் தேதியும் பார்த்து வாங்குங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள்.

ஒருநாள் சாயந்திரம் அம்மாவைப் பாரதி பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். ஆயி மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். ஊருக்குக் குளம் வெட்டத் தன் வீட்டையே இடிக்கக் கொடுத்தவள் ஆயி என்று சின்ன வயதில் அம்மா சொன்ன கதைதான். முத்திரையர்பாளையத்தில் இருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். அம்மா மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம கெணத்துத் தண்ணி எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்த ஆர்ஓ மிஷினை மாமா வீட்டுக்கே கொடுத்துவிட்டேன், அவர்கள் பக்கம் உப்புத் தண்ணீர்தான், அவர்களுக்கு உதவும். மாமா வாங்கிக்கொண்டார், என்னிடம் அதிகம் பேசவில்லை. கிளம்பும் அன்று ஃபில்டரின் பக்கவாட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய மாதத்தைப் பெரிய எழுத்தில் எழுதினேன், அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி. மார்ச். புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாற்றுவது எப்படி என்று எதிர்வீட்டுத் தம்பிக்கு 2 தடவை செய்து காட்டினேன், "நீங்க கவலப்படாதீங்கக்கா" என்றான். மார்ச் முதல் தேதி அவனுக்குப் போன் செய்ய வேண்டும்.